ஒரே தளத்தில் இரண்டு காலங்கள்: மாதிரி ரயில் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆர்வலர்கள் லேஅவுட் என்று அழைக்கும் மாதிரி ரயில் தளம் ஒன்றிலேயே வெவ்வேறு காலகட்டங்களைக் காட்ட முடியுமா என்பதுதான் அது. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விடை எழுதியிருக்கிறேன். அளவுகளைச் சொல்லும் இடங்களில் எச்ஓ எனப்படும் 1:87 அளவையே, அதாவது உண்மை நீளத்தில் 87இல் ஒரு பங்கையே, கணக்கில் கொண்டுள்ளேன். 1:160 அளவில் கட்டுவோர் அந்த நீளங்களில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: பல ஆண்டுகளாகக் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிச் சேர்த்துவிட்டேன். 1930களைச் சேர்ந்த நீராவி எஞ்சின்கள், 1970களின் டீசல் எஞ்சின்கள், அண்மைக்காலத்து மின்சார எஞ்சின் ஒன்று என எல்லாமே என்னிடம் இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஓட்டும்படி, எந்தக் காலத்துக்கும் பொருந்தக்கூடிய பொதுவான ஒரு தளத்தை அமைக்க முடியுமா?

பதில்: நான் ஒருமுறை அப்படி முயன்றிருக்கிறேன். கைகாட்டி மரம் வைத்தால் பழைய காலமாகிவிடும், வண்ண விளக்குச் சிக்னல் வைத்தால் புதிய காலமாகிவிடும் என்று இரண்டையும் விட்டேன். அதே காரணத்துக்காகச் சாலை வாகனங்களை விட்டேன், விளக்குக் கம்பங்களை விட்டேன், விளம்பரப் பலகைகளையும் விட்டேன். காலத்தைக் காட்டிக்கொடுக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனதில், கடைசியில் மிஞ்சியது பச்சைத் தூள் தூவிய ஒரு பலகையும் அதன்மேல் தண்டவாளமும்தான். ஆகவே பொதுவான தளம் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கு மாற்றக்கூடிய தளம் என்று திட்டமிடுங்கள். அது முற்றிலும் வேறான வேலை.

அந்த வேலைக்கு அடிப்படையாக ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய பொருள் பின்வந்த காலத்திலும் நிற்கும்; புதிய பொருள் முன்னைய காலத்தில் நிற்கவே முடியாது. 1890இல் கட்டப்பட்ட கல் நிலையக் கட்டடம் 1935இலும் இருக்கலாம், 1975இலும் இருக்கலாம், ஓடுகள் மாற்றப்பட்டுச் சன்னல்கள் அடைக்கப்பட்ட நிலையில் இன்றும் இருக்கலாம். ஆனால் 1970களின் கான்கிரீட் நடைபாலம் 1935இன் படத்தில் ஓரத்தில் தெரிந்தாலும் அந்தப் படமே பொய்யாகிவிடும். எனவே நிலையாக ஒட்டப்படும் பொருள்கள் அனைத்தும், அதாவது நிலவமைப்பு, தாங்குசுவர்கள், சுரங்க முகப்புகள், கல் பாலங்கள், முதன்மைக் கட்டடங்கள் ஆகியவை, நீங்கள் காட்ட விரும்பும் காலங்களுள் மிகப் பழையதைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். பின்வந்த காலத்தைக் குறிப்பவை எல்லாம் கழற்றி எடுக்கத்தக்கவையாக இருக்க வேண்டும்.

அடுத்ததாக, எத்தனை காலங்கள் என்ற கேள்வி. ஐரோப்பிய மாதிரி ரயில் சங்கங்களின் கூட்டமைப்பான மோரோப் வகுத்த நெம் தர விதிகளில் ரயில்வே வரலாறு ரோமன் எண்களிட்ட காலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தோராயமாகச் சொன்னால் முதல் காலம் 1920 வரை, இரண்டாவது 1945 வரை, மூன்றாவது 1970 வரை, நான்காவது 1990 வரை, ஐந்தாவது 2000களின் நடுப்பகுதி வரை, அதன்பின் ஆறாவது. நாட்டுக்கு நாடு எல்லைகள் சில ஆண்டுகள் முன்பின்னாக மாறும். இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் ஆறையும் காட்டிவிடலாம் என்று ஆசை எழும். இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. மூன்றாவதாக இன்னொரு காலத்தைச் சேர்த்தால் மாற்றுப் பொருள்களின் எண்ணிக்கை கூடுவது மட்டுமல்ல, ஒவ்வொரு பொருளும் எந்தெந்தக் காலங்களில் இருக்க வேண்டும் என்ற கணக்கே தலைவலியாகிவிடும்.

தேர்ந்தெடுக்கும் இரு காலங்களுக்கு இடையில் 25 முதல் 40 ஆண்டுகள் இடைவெளி இருந்தால் நல்லது. ஏழெட்டு ஆண்டு இடைவெளியில் பார்ப்பவருக்கு மாற்றமே தெரியாது. எண்பது ஆண்டு இடைவெளியிலோ எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். உங்களிடம் உள்ளவற்றில் 1930களின் நீராவியும் 1970களின் டீசலும் இந்தக் கணக்குக்குள் அழகாக அமைகின்றன. மின்சார எஞ்சினை இப்போதைக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்து மகிழுங்கள். அதன் சிக்கலைப் பற்றிக் கீழே வேறொரு விடையில் எழுதியிருக்கிறேன். காலங்களை முடிவு செய்யும்போது ‘1970கள்’ என்று பொத்தாம்பொதுவாக நிறுத்தாமல், 1974 கோடை என்பது போல ஓர் ஆண்டையும் ஒரு பருவத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் எழும் சின்னச் சின்ன ஐயங்களில் பாதி அந்த ஒரு வரியாலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 3 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இடம். 1920களின் கிளைப்பாதை நிலையம் ஒன்றையும், அதே நிலையத்தின் 1980களின் தோற்றத்தையும் காட்ட விரும்புகிறேன். எல்லாவற்றையும் பழைய காலத்துக்கு ஏற்பவே அமைக்க வேண்டும் என்றால், பாதையின் வளைவுகளும் அப்படித்தானா?

பதில்: இல்லை, இங்கே விதி தலைகீழாகிறது. கண்ணுக்குத் தெரியும் கட்டுமானம் பழைய காலத்தைப் பின்பற்ற வேண்டும் என்றால், வளைவு, இடைவெளி, நீளம் ஆகிய மூன்றும் புதிய காலத்தைப் பின்பற்ற வேண்டும். ஏனெனில் பெட்டிகள் காலம் செல்லச் செல்ல நீண்டுகொண்டே வந்தன.

ஐரோப்பாவில் இன்று பரவலாக உள்ள 26.4 மீட்டர் பயணிகள் பெட்டி 1:87 அளவில் 303 மில்லிமீட்டர் வரும். ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுள்ள பழைய நான்கு சக்கரப் பெட்டியோ 115 மில்லிமீட்டர்தான். தண்ணீரைத் தன்னிலேயே சுமக்கும் சிறிய டாங்க் எஞ்சினும் ஆறு நான்கு சக்கரப் பெட்டிகளும் சேர்ந்த வண்டி 80 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஓர் எஞ்சினும் ஐந்து நீளப் பெட்டிகளும் சேர்ந்த வண்டிக்கு 1.75 மீட்டர் தேவை. உங்கள் 3 மீட்டரில் பாயிண்டுகளுக்கும் (பாதை பிரியும் இடங்கள்) மறைவு யார்டுக்கும் (காட்சிக்கு வெளியே வண்டிகள் காத்திருக்கும் பாதைகள்) இடம் விட்டுவிட்டால், அப்படிப்பட்ட வண்டி நடைமேடையில் நிற்கவே முடியாது. ஆனால் நீங்கள் கிளைப்பாதையைத் தேர்ந்தெடுத்திருப்பது நல்ல காலம். 1980களின் கிளைப்பாதைகளில் இரண்டு பெட்டி டீசல் ரயில்களே பெரும்பாலும் ஓடின. 1920களின் நான்கைந்து சிறு பெட்டி வண்டியும் அந்த இரண்டு பெட்டி ரயிலும் ஏறத்தாழ ஒரே நீளத்துக்கு வந்துவிடும். பெரிய சந்திப்பு நிலையத்தை விடக் கிளைப்பாதை முனையம் இந்த வகைத் தளத்துக்கு ஏற்றது என்று நான் சொல்லிவருவதற்கு முதல் காரணம் இதுதான்.

வளைவுகளைப் பொறுத்தவரை, கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் மிகச் சிறிய ஆரமான 360 மில்லிமீட்டரில் நான்கு சக்கரப் பெட்டிகள் தயக்கமின்றிச் செல்லும். நீளப் பெட்டிகள் அந்த வளைவில் ஓடக்கூடும், ஆனால் நடுப்பகுதி உட்புறமாகவும் முனைகள் வெளிப்புறமாகவும் அசிங்கமாகத் துருத்தி நிற்கும். கண்ணுக்குத் தெரியும் வளைவுகளில் 600 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடைமேடை விளிம்பு, சிக்னல் கம்பம், சுரங்க முகப்பு ஆகியவற்றை ஒட்டுவதற்கு முன், உங்களிடம் உள்ளவற்றுள் மிக நீளமான பெட்டியின் நடுவிலும் முனையிலும் பென்சிலைக் கட்டி வளைவில் தள்ளிப் பாருங்கள். கோடு விழும் இடம் வரை எதுவும் வரக்கூடாது.

நடைமேடை நீளத்தில் மட்டும் ஒரு தந்திரம் செய்யலாம். பிற்கால வண்டிக்குத் தேவையான முழு நீளத்துக்கும் அடித்தளத்தைக் கட்டிவிட்டு, பழைய காலத்தைக் காட்டும்போது கடைசி 30 அல்லது 40 சென்டிமீட்டரின் மேற்பரப்பை நீக்கிவிட்டு அங்கே புல் சரிவு ஒன்றைப் பொருத்துங்கள். நிலையம் வளர்ந்த வரலாறும் அதில் தெரியும்.

கேள்வி: மாற்றக்கூடிய பகுதிகள் என்று எழுதுகிறீர்கள். நான் முயன்றபோது ஒவ்வொரு பகுதியைச் சுற்றியும் கறுப்புக் கோடு போல இடைவெளி தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். என்ன செய்வது?

பதில்: இந்த இதழின் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனெனில் திட்டமெல்லாம் சரியாக இருந்தும் தளம் தோற்பது பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான்.

இடைவெளியை நிரப்பி மறைக்க முடியாது. ஆனால் கோடு இருப்பது இயல்பாக உள்ள இடத்தில் அதைக் கொண்டுபோய் வைக்கலாம். புல்வெளியின் நடுவில் வரும் நேர்கோடு உடனே கண்ணை உறுத்தும். அதே கோடு சாலையோரக் கல்வரிசையில், மதில் சுவரின் அடியில், நடைமேடை விளிம்பில், வேலிப் புதரின் நிழலில், கட்டடமும் தரையும் சந்திக்கும் இடத்தில் வந்தால் எவருடைய கண்ணிலும் படாது. ஆகவே மாற்றுப் பலகைகளை வரைபடத்தில் முதலில் சதுரமாக வரைந்துவிட்டு அதன்மேல் காட்சியை அமைக்காதீர்கள். காட்சியை முதலில் வரைந்து, அதிலுள்ள இயற்கையான எல்லைகளைக் கண்டுபிடித்து, அந்த எல்லைகளையே பலகையின் ஓரங்களாக ஆக்குங்கள். பலகை கோணல்மாணலாக வரும், வரட்டும்.

மரம் ஈரப்பதத்தில் விரியும் என்பதால் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். இறுக்கமாகப் பொருத்திய பலகை மழைக்காலத்தில் வெளியே வர மறுக்கும். கத்தியால் நெம்பினால் ஓரத்துப் புல் முழுவதும் உரிந்துவிடும். தூக்கி எடுப்பதற்கு விரல் நுழையும் துளையும் வேண்டாம். பலகையின் மேற்பரப்புக்குக் கீழே இரண்டு இரும்பு வாஷர்களைப் பதித்து, அவற்றின்மேல் காட்சியை அமைத்துவிடுங்கள். ஒரு வலுவான காந்தத்தை அந்த இடத்தில் வைத்துத் தூக்கினால் பலகை அப்படியே எழும்பி வரும். வாஷர் எங்கே இருக்கிறது என்பதை நினைவில் வைக்க அதன்மேல் ஒரு சிறு புதரோ கல்லோ அடையாளமாக இருக்கட்டும்.

எந்தெந்தப் பகுதிகளை மாற்றுப் பலகையாக ஆக்க வேண்டும்? நீராவிக் காலத்துக்கே உரிய பணிமனைப் பகுதி முதன்மையானது. நிலக்கரி மேடை, தண்ணீர்த் தொட்டி, சாம்பல் குழி, எஞ்சினைத் திருப்பும் டர்ன்டேபிள் ஆகியவை நீராவி போனபின் பெரும்பாலும் இடிக்கப்பட்டன அல்லது கேட்பாரற்றுக் கிடந்தன. 23 மீட்டர் டர்ன்டேபிள் 1:87இல் 264 மில்லிமீட்டர் விட்டம் கொள்ளும். பிற்காலத்தில் அந்தக் குழியின்மேல் மண் நிரப்பியதுபோல் ஒரு வட்ட மூடியை வைத்து, களைச்செடிகளைத் தூவிவிட்டால் பார்ப்பவரே அங்கே முன்பு என்ன இருந்தது என்பதை ஊகித்துக்கொள்வார். சரக்கு யார்டும் அப்படித்தான். 1960களுக்குப் பின் சிறு நிலையங்களின் சரக்குப் போக்குவரத்து சாலைக்குப் போய்விட்டதால், சைடிங்குகள் எனப்படும் பக்கப் பாதைகள் பல பெயர்த்தெடுக்கப்பட்டு வாகன நிறுத்துமிடங்களாயின. தண்டவாளத்தின் மேலேயே படியும்படி அடியில் பள்ளம் குடைந்த ஒரு பலகையில் தார்த்தரையும் நிறுத்தக் கோடுகளும் அமைத்து வையுங்கள். தண்டவாளத்தைத் தொடாமலேயே யார்டு மறைந்துவிடும்.

கேள்வி: கைகாட்டியிலிருந்து வண்ண விளக்குச் சிக்னலுக்கும், மின்கம்பி இல்லாத பாதையிலிருந்து மின்மயமான பாதைக்கும் மாற்றும் வகையில் அமைக்கலாமா?

பதில்: முதல் பாதிக்கு ஆம், இரண்டாவது பாதிக்குத் தயக்கத்துடன் கூடிய இல்லை.

சிக்னல்களை மாற்றுவது எளிது. எல்லாச் சிக்னல்களின் அடிப்பகுதியையும் ஒரே அளவுள்ள சிறு பலகையில் பொருத்தி, தளத்திலும் அதே அளவுக்குக் குழி வெட்டுங்கள். கைகாட்டியை இயக்கும் சிறு சர்வோ மோட்டாரைத் தளத்தின் அடியில் திருகி வைக்காமல், சிக்னலோடு சேர்த்துத் தொங்கவிடுங்கள். அப்போதுதான் இழுகம்பியைக் கழற்றி மாட்டும் நுணுக்க வேலை இருக்காது. மின் இணைப்புக்கு எல்லாச் சிக்னலுக்கும் ஒரே வகைச் செருகியைப் பயன்படுத்துங்கள். ஆனால் வண்ண விளக்குச் சிக்னல் எப்போதும் கைகாட்டி நின்ற அதே இடத்தில்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. கைகாட்டிகளை நீண்ட இழுகம்பிகளால் இயக்கிய காலத்தில் சிக்னல் அறை நிலையத்தின் அருகிலேயே இருக்க வேண்டியிருந்தது. மின்சார இயக்கம் வந்தபின் அந்தத் தூரக் கட்டுப்பாடு இல்லை. பல இடங்களில் சிக்னல் அறையே மூடப்பட்டது. ஆகவே சில குழிகள் ஒரு காலத்தில் வெறுமையாக இருக்கும். அவற்றுக்குப் புல் முளைத்த மூடி ஒன்றைச் செய்துவைக்க மறக்காதீர்கள். கைகாட்டிக் காலத்தில் பாதையோரமாக ஓடிய இழுகம்பிகளையும், அவற்றைத் தாங்கும் சிறு கப்பிகளையும் நிலையாக ஒட்டிவிடாதீர்கள் என்பதும் இங்கேயே சொல்ல வேண்டியது.

மின்கம்பிகள் வேறு கதை. கம்பங்களைப் பித்தளைக் குழாய்களில் செருகி நிறுத்தலாம், அதில் சிக்கலில்லை. நேர்ப்பாதையில் கம்பங்களுக்கு இடையே உண்மையில் ஏறத்தாழ 60 மீட்டர் இருக்கும். 1:87இல் அது 690 மில்லிமீட்டர் என்பதால் சிறு தளத்தில் நாலைந்து கம்பங்களே போதும். கம்பிதான் பிரச்சினை. அதை ஒவ்வொரு முறையும் கழற்றி, வளையாமல் பாதுகாத்து, மறுபடியும் இழுத்து மாட்டுவது ஒரு மாலைப் பொழுதை முழுதாக விழுங்கும் வேலை. இரண்டு மூன்று முறைக்குப் பின் நீங்களே அதைச் செய்யமாட்டீர்கள். தளம் நிரந்தரமாக ஒரு காலத்திலேயே தங்கிவிடும். கம்பிகளுக்கு அடியில் பழைய நீராவி வண்டியை ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். மின்மயமாக்கலுக்குப் பிந்தைய ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் சரியே. பல நாடுகளில் நீராவியும் மின்சாரமும் ஒரே பாதையில் பல்லாண்டுகள் ஓடியிருக்கின்றன. அப்படியென்றால் இரண்டு காலங்களும் மின்கம்பிக்குப் பிந்தையவை என்று திட்டமிடுங்கள், அல்லது இரண்டுமே அதற்கு முந்தையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியைக் காலங்களின் நடுவில் வரவிடாதீர்கள்.

கேள்வி: நான் வண்டிகளை முழுவதும் மாற்றிவிட்டேன். ஆனாலும் வீட்டுக்கு வருபவர்கள் எவருக்கும் காலம் மாறியதே தெரியவில்லை. எது குறைகிறது?

பதில்: எஞ்சினைப் பார்த்துக் காலம் சொல்லக்கூடியவர்கள் நம்மைப் போன்ற சிலர்தான். மற்றவர்கள் சாலையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

ரயில்வே கிராசிங்கில் நிற்கும் நான்கு வாகனங்களை மாற்றிப் பாருங்கள். வண்டி ஓடத் தொடங்கும் முன்பே காலம் விளங்கிவிடும். வாகனங்களை ஒட்டாமல் வைத்தால் மாற்றுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. சாலையின் வெள்ளைக் கோடுகளும் காலத்தைச் சொல்பவையே என்பதால் அவற்றை வரைந்த மெல்லிய அட்டையைச் சாலையின்மேல் படிய வைக்கலாம். மனித உருவங்களில் ஆண்களின் தொப்பியும் பெண்களின் பாவாடை நீளமும் போதும். எல்லா உருவங்களையும் மாற்றத் தேவையில்லை. 1950களுக்குப் பிந்தைய கூரைகளில் தொலைக்காட்சி ஆண்டெனாக்கள் வேண்டும். 1980களின் இறுதிக்குப் பின் சுவர்களில் டிஷ் ஆண்டெனாக்கள் வேண்டும். ஆண்டெனா பொருத்திய கூரையைத் தனியாகவும் பொருத்தாத கூரையைத் தனியாகவும் செய்து வைத்துக்கொள்வதே வசதி.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இதைப் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய காலம் என்றால் பசுமை மிகுந்திருக்கும் என்று நினைத்து நீராவிக் காலப் பாதையோரம் அடர்ந்த மரங்களை நடுகிறார்கள். உண்மையில் எஞ்சினின் தீப்பொறியால் நெருப்புப் பற்றும் என்பதற்காக, அந்தக் காலத்தில் பாதையோரச் சரிவுகளில் புல்லையும் புதரையும் ஆள்வைத்து வெட்டிக்கொண்டே இருந்தார்கள். நீராவி போனது, வெட்டும் ஆள்களும் குறைந்தார்கள், மரங்கள் வளர்ந்தன. ஆகவே சரிவில் செருகி எடுக்கும்படி பத்துப் பன்னிரண்டு மரங்களைச் செய்துவைத்துக்கொண்டு, பிற்காலத்தைக் காட்டும்போது மட்டும் நடுங்கள். அதற்கு எதிர்மாறாகப் பழைய காலத்தில் பாதையோரமாகத் தந்திக் கம்பங்கள் வரிசையாக நின்றன. கம்பிகள் நிலத்தடிக்குப் போனபின் அவை மறைந்தன. கம்பங்கள் நின்ற வரிசையில் மரங்கள் எழும் இந்த ஒரு மாற்றம், மூன்று புதிய எஞ்சின்கள் வாங்குவதை விடவும் அதிகமாகக் காலத்தை நகர்த்தும் என்பது என் அனுபவம்.

விளக்கின் நிறமும் அப்படியே. மங்கிய மஞ்சள் ஒளி பழைய நிலையத்துக்கு, சாலையில் சோடியம் விளக்கின் ஆரஞ்சு நிறம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு, வெள்ளை எல்ஈடி ஒளி 2010க்குப் பிந்தைய காலத்துக்கு. அறையின் விளக்கை அணைத்துவிட்டுத் தளத்தைக் காட்டும் வழக்கம் உள்ளவர்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும்.

பின்திரையில் மலையும் வானமும் மட்டும் இருக்கட்டும். அடுக்குமாடிக் கட்டடங்களை வரைந்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களின் கடிதங்கள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

கேள்வி: மரக்கட்டைகள் கொண்ட தண்டவாளமா, கான்கிரீட் கட்டைகள் கொண்டதா?

பதில்: மரம். கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டைகள் பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. மரக்கட்டைகள் அதற்குப் பிறகும் கிளைப்பாதைகளிலும் சைடிங்குகளிலும் பல்லாண்டுகள் நீடித்தன. யார்டுகளில் ஜல்லிக்குப் பதிலாகச் சாம்பல் தூளை இட்டுக் கட்டைகள் பாதி மூடும்படி அமைத்தால் இரு காலத்துக்கும் பொருந்தும்.

கேள்வி: டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறைக்கு மாறினால் காலங்களை மாற்றுவது எளிதாகுமா?

பதில்: அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எஞ்சினுக்குள் ஒலி எழுப்பும் சிறு மின்னணுக் கருவியான ஒலி டிகோடரைப் பொருத்தினால் நீராவியின் மூச்சும் டீசலின் உறுமலும் கேட்கும். அந்த இன்பம் தனி. காட்சி மாறாது.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? பாரம்பரிய ரயில் பாதை என்று சொல்லிவிட்டால் எல்லாக் காலத்து வண்டிகளையும் ஒன்றாக ஓட்டலாமே?

பதில்: ஓட்டலாம், அது நேர்மையான வழியும்கூட. வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில்வே 1951இல் தன்னார்வலர்களால் மீட்டு நடத்தப்பட்ட முதல் பாதையானது. இங்கிலாந்தின் புளூபெல் ரயில்வே 1960இல் தொடங்கியது. இத்தகைய பாதைகளில் 1890களின் பெட்டியும் 1960களின் டீசலும் அருகருகே நிற்பதை எவரும் பார்க்கலாம். எனவே உங்கள் தளத்தில் நுழைவாயிலில் பயணச்சீட்டு மேசை, நினைவுப்பொருள் கடை, கேமரா தொங்கும் மனித உருவங்கள் ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் அதில் காட்டப்படும் காலம் ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்: இன்றைய காலம். பழுதுபார்த்துப் பளபளக்கும் எஞ்சின், விடுமுறைக் கூட்டம், சரக்கு ஏற்றாத வேகன்கள். கரி படிந்த சரக்கு வண்டி ஒன்று விடியற்காலையில் யார்டில் வேகன்களைப் பிரித்து அடுக்கும் காட்சிக்கு அங்கே இடமில்லை. நான் மாதிரி ரயிலுக்கு வந்தது அந்தக் காட்சிக்காகத்தான். நீங்கள் எதற்காக வந்தீர்களோ அதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இரண்டு காலத்து வண்டிகளும் சேர்ந்து எண்பதுக்கு மேல் ஆகிவிட்டன. எப்படிப் பிரித்து வைப்பது? சில பெட்டிகள் இரு காலத்துக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். அதை எப்படி உறுதி செய்வது?

பதில்: வண்டிகளை எஞ்சின்கள், பெட்டிகள், வேகன்கள் என்று வகை பிரித்து அடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, காலத்தின்படி இரண்டு அலமாரித் தட்டுகளாகப் பிரியுங்கள். மேல்தட்டில் இருப்பது கீழ்த்தட்டுக்கு வரவேகூடாது.

எந்தத் தட்டுக்கு எது என்பதை முடிவு செய்யத் தயாரிப்பாளர் பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள எண் முதல் உதவி. அதிலும் எச்சரிக்கை தேவை. ஐரோப்பிய நெம் முறையில் மூன்றாவது காலம் என்பது போருக்குப் பிந்தையது. பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் தனி வரிசையிலோ மூன்று என்ற எண் 1923 முதல் 1947 வரை உள்ள காலத்தைக் குறிக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி வாங்கினால் இருபது ஆண்டு தவறிவிடும்.

அடுத்து, வண்டியின் உடம்பிலேயே உள்ள அடையாளங்களைப் பாருங்கள். ஐரோப்பியப் பெட்டியின் கதவருகே மூன்றாம் வகுப்பு என்ற எண் இருந்தால், 1956ஆம் ஆண்டு கோடைக்குப் பின் அது ஓட முடியாது. அந்த ஆண்டில்தான் அங்கே மூன்றாம் வகுப்பு ஒழிக்கப்பட்டது. பன்னிரண்டு இலக்க எண் எழுதிய வேகன் 1960களின் நடுப்பகுதிக்கு முன் இருந்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்க மூடு வேகன்களின் கூரைமேல் நடந்துசெல்லும் பலகை 1966 முதல் புதிய வேகன்களில் பொருத்தப்படுவது நின்றது. பழைய வேகன்களில் சிறிது காலம் தொடர்ந்தது. பிரிட்டிஷ் டீசல் எஞ்சினின் முகப்பு முழுவதும் மஞ்சள் நிறத்தில் இருந்தால் அது 1960களின் பிற்பகுதிக்கோ அதற்குப் பிந்தைய காலத்துக்கோ உரியது. அந்த நாட்டில் 1968 ஆகஸ்ட் மாதத்தோடு முதன்மைப் பாதைகளின் வழக்கமான நீராவி ஓட்டம் முடிந்துவிட்டதால், மஞ்சள் முகப்பும் நீராவியும் சேர்ந்து நிற்கக்கூடிய காலம் மிகக் குறுகியது. அந்தக் குறுகிய காலத்தையே விரும்பித் தேர்ந்தெடுத்துத் தளம் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமை எனக்கில்லை.

இரு காலத்துக்கும் பொருந்தும் வண்டிகள் உண்மையிலேயே உண்டு, ஆனால் அதே வண்ணத்தில் அல்ல. ஒரு வேகன் முப்பது, நாற்பது ஆண்டு உழைத்திருக்கலாம். அதற்குள் இரண்டு மூன்று முறை வண்ணமும் எழுத்தும் மாறியிருக்கும். ஆகவே பொதுவானவை என்று நீங்கள் நினைப்பவற்றை இரண்டிரண்டாக வாங்கி, ஒன்றைப் பழைய எழுத்துகளோடும் மற்றதைத் துருவேறிய புதிய எழுத்துகளோடும் வைத்துக்கொண்டால், அதே வேகன் மூப்படைந்ததைக் காட்டிய மகிழ்ச்சியும் கிடைக்கும்.

இனி, மாற்றும் முறை. வண்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துத் தண்டவாளத்தில் ஏற்றினால் எண்பது வண்டிகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மெல்லிய கைப்பிடிகளும் படிகளும் உடைந்துபோகும். மறைவு யார்டை நிலையான பாதைகளாக அமைக்காமல், எடுத்து வைக்கக்கூடிய கேசட்டுகளாக அமையுங்கள். ஒரு மரப்பலகையின்மேல் எல் வடிவ அலுமினியப் பட்டைகள் இரண்டை, அவற்றின் நிமிர்ந்த விளிம்புகளுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர் விட்டு நீளவாக்கில் பொருத்தினால், அந்த விளிம்புகளே தண்டவாளமாகவும் மின்சாரம் பாயும் வழியாகவும் அமைந்துவிடும். வண்டி முழுவதும் அதில் நிற்கும். இரு முனைகளிலும் தடுப்பு வைத்து அப்படியே தூக்கித் தட்டில் வைத்துவிடலாம். தூக்கும்போது சாய்க்காதீர்கள். தடுப்பை மறந்துவிட்டு ஒரு கேசட்டை நான் சாய்த்த நாளில் நான்கு பெட்டிகளும் ஓர் எஞ்சினும் தரையில் கிடந்தன. எஞ்சினின் புகைபோக்கி மட்டும் மேசைக்கு அடியில் மூன்று நாள் கழித்துக் கிடைத்தது.

கேசட்டுகளும் மாற்றுப் பலகைகளும் சரியாக அமைந்தால் ஒரு காலத்திலிருந்து மற்றதற்கு மாற அரைமணி நேரம் போதும். அதற்குமேல் ஆகிறது என்றால் மாற்றுப் பொருள்களில் எதை விடலாம் என்று பாருங்கள். என் தளத்தில் நான் முதலில் விட்டது மனித உருவங்களைத்தான்.